இருதயத்துக்கு வாய் உண்டா?

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை, எங்கள் பள்ளிக்கூடத்தில் நெடுங்காலம் தமிழ் போதித்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைப் பார்த்து வரப் போயிருந்தேன். மாணாக்கர்களுக்கெல்லாம் அவர் 'தமிழையா'. உடன் வேலை பார்த்த எங்களுக்கும் அதுவே அவருடைய பெயராக நிலைத்துவிட்டது. பதினைந்து வருஷங்களாக அவருக்கு நீரிழிவு உண்டு. ஆயினும் நடையிலும் பேச்சிலும் ஒரு தளர்ச்சியும் கண்டதில்லை. அன்றோ திண்ணையில் சாய்வு நாற்காலியில் கண்களை மூடிக்கொண்டு கிடந்தார்.

"உடம்புக்கு என்ன ஐயா?" என்று விசாரித்தேன்.

"பத்து நாளைக்கு முன்னால், தம்பி, குளத்தங்கரை வரையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது கொஞ்சம் மூச்சு வாங்கிற்று. உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டிற்று. வாயுவாக இருக்குமென்று சுக்குக் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். அசதி மட்டும் தீரவேயில்லை. நேற்றுப் பையன் பிடிவாதமாக டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனான். அவர் மார்பிலே கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, 'பெரியவரே, உங்களுக்கு மாரடைப்பு வந்து போயிருக்கிறதே! வலி தெரியவில்லையா?' என்று கேட்கிறார்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ ஸயன்ஸ் படித்தவன். கண்ணில் ஒரு தூசி விழுந்தால் ஊரைக் கூட்டிவிடுகிறோம். இருதயத்தில் ஒரு பாகமே பட்டுப்போயிருக்கிறது. அது எனக்குத் தெரியவில்லை. இருதயத்துக்கு வாய் கிடையாதா, தம்பி?" என்றார்.

பெரியவர் கேட்ட கேள்வி சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு அங்கேயே விடை கூற எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் புஸ்தகங்களைப் புரட்டினேன். அதன் பயனை இந்த வாரம் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி புதியதன்று. இரத்தம் உடலில் சுற்றி ஓடுகிறது என்று நிலைநாட்டிய இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வியே இதை நேரில் ஆராய்ந்திருக்கிறார். அயர்லாந்தைச் சேர்ந்த மாண்ட்கோமரி பிரபுவின் மகனுக்குச் சிறு பிராயத்தில் பட்ட காயத்தினால் இடப்பக்கத்து விலா எலும்புகள் முறிந்து, புண் ஆறிய பிறகும் மார்பில் ஒரு பெரிய துவாரம் நின்றுவிட்டது. அதன் வழியாக இருதயம் துடிப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த வாலிபனை ஹார்வி, அரசர் முதலாம் சார்லஸிடம் அழைத்துச் சென்றார். இருவரும் அந்தத் துவாரத்தினூடே இருதயத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணால் பார்த்தாலன்றி, அல்லது வெளித்தோலில் விரல் பட்டாலன்றி, தன் இருதயத்தை ஒருவர் தொடுகிறார் என்பதே அவ்வாலிபனுக்குத் தெரியவில்லை! 1651-ஆம் வருஷம் வெளிவந்த தம் நூலில் ஹார்வி இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஆக, தொட்டால் இருதயத்துக்குத் தெரிவதில்லை. ஆனால் மாரடைப்பு வந்தவர்களில் பெரும்பாலோர், மார்பின்மேல் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தாற்போன்ற வலியைச் சொல்கிறார்கள். இடக்கையிலும் தாடையிலும் வலி பரவுவதாகவும் சொல்கிறார்கள். தொடுகையை அறியாத இருதயம் இந்த வேதனையை மட்டும் எவ்வாறு அறிகிறது? அறிந்ததை யாரிடம் சொல்லுகிறது?

சொல்லுகிறவை உணர்ச்சி நரம்பணுக்கள். முதுகெலும்பின் கணுக்களை ஒட்டி இரு பக்கங்களிலும் சின்னஞ்சிறு நரம்பு முடிச்சுக்கள் இருக்கின்றன. உணர்ச்சி நரம்பணுவின் உடல் அந்த முடிச்சுக்குள் இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் நார் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை இருதயத்துக்கும், மற்றொரு கிளை முதுகுத் தண்டுக்கும் போகின்றது. மார்பின் மேற்பகுதியிலுள்ள முடிச்சுக்களே இருதயத்தின் வலியைப் பெரும்பாலும் கடத்துகின்றன. கையிலிருந்து வரும் நரம்புகளும் முதுகுத் தண்டின் அதே பகுதியை வந்து சேருகின்றன. ஒரே வாசலில் இரண்டு வீட்டுக் கடிதங்களும் வந்து விழுவதால், மூளை விலாசத்தை மாற்றிப் படித்துவிடுகிறது. இருதயத்தின் நோவு கையில் தெரிவது இதனால்தான்.

இவ்வளவும் உடலை அறுத்துப் பார்த்து அறிந்தவை. ஆனால் நரம்பின் நுனியும் இருதயத் தசையும் சந்திக்கும் இடத்தில் நடப்பதை உயிருள்ள உடலுக்குள் எப்படிப் பார்ப்பது? அங்கே இரத்தம் ஓடுகிறது. மற்ற நரம்புகள் குறுக்கிடுகின்றன. சுரப்பிகள் தங்கள் ரஸங்களைக் கலக்கின்றன. சந்தைக் கூச்சலில் இருவர் காதோடு காதாகப் பேசுவதைக் கேட்க முயல்வது போன்றது அது. அந்த இருவரையும் தனி அறைக்கு அழைத்துப் போனால் கேட்கலாம் அல்லவா? அந்தத் தனி அறைதான் கண்ணாடித் தட்டு.

உயிரணுக்களை உடலுக்கு வெளியே வாழவைக்கும் இந்த வித்தைக்கு வழி காட்டியவர் அமெரிக்கரான ராஸ் ஹாரிஸன். நரம்பு நார் அணுவிலிருந்து தானே நீண்டு வளருகிறதா, அன்றி வழியிலுள்ள அணுக்கள் ஒன்றுகூடி அதை அமைக்கின்றனவா என்று அக்காலத்தில் பண்டிதர்களுக்குள் பெரிய சர்ச்சை. 1907-இல் ஹாரிஸன், தவளைக் கருவின் நரம்புத் துணுக்கு ஒன்றை எடுத்து, தவளையின் நிணநீர்த் துளி ஒன்றில் இட்டு, குழிவான கண்ணாடியின்மேல் அந்தத் துளி தொங்கும்படி கவிழ்த்து வைத்தார். பூதக்கண்ணாடியின் கீழ், அணுவிலிருந்து நார் மெல்ல மெல்ல நீண்டு போவதைக் கண்ணாரக் கண்டார். வழியில் வேறு அணு எதுவும் இல்லை. சர்ச்சை தீர்ந்தது.

அவரிடம் இந்த முறையைக் கற்ற மாண்ட்ரோஸ் பர்ரோஸ் என்பவர் கோழிக்கருவின் இருதயத்தை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து விலகி வந்த ஒரே ஓர் அணு, தன்னந்தனியாகத் துடிப்பதைக் கண்டு 1912-இல் வெளியிட்டார். நேயர்கள் இதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். மூளையின் ஏவலில்லை, நரம்பின் தூண்டுதலில்லை, பக்கத்திலே துணையுமில்லை. இருந்தும் அந்த அணு சுருங்குகிறது, விரிகிறது, மறுபடியும் சுருங்குகிறது. துடிப்பு இருதயத்தின் பிறவிக் குணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

1960-களின் தொடக்கத்தில் ஹராரி, பார்லி என்ற இருவர், எலிக் குட்டிகளின் இருதயத்தை அணு அணுவாகப் பிரித்துத் தட்டில் வளர்த்தார்கள். தனித்தனியே கிடந்த அணுக்கள் தத்தம் தாளத்தில் துடித்தன. பரவி வளர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் தாளம் ஒன்றாயிற்று. பஜனைக்கு வந்தவர்கள் முதலில் ஆளுக்கொரு பக்கம் கைதட்டிக்கொண்டிருந்து, பிறகு ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்வதுபோல. அணுக்களுக்கு நடுவே திறக்கும் நுண்ணிய வாயில்கள் வழியாக மின்சார அலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்வதே இதற்குக் காரணம்.

இருதய அணுவின் கதை இது. நரம்பணுவின் கதையோ இதற்கு நேர்மாறானது. அது தனியே வாழ அறியாதது. தட்டில் உப்பும் சர்க்கரையும் சத்துக்களும் அளவாகக் கலந்து, உடற்சூடாகிய 37 டிகிரியில் வைத்தாலும், இளம் உணர்ச்சி நரம்பணு சில தினங்களில் வாடி இறந்துவிடும். அதற்கு வேறு ஏதோ ஒன்று தேவை. அது என்ன என்பதைக் கண்டுபிடித்த கதை, விஞ்ஞான சரித்திரத்தில் நான் என் மாணாக்கர்களுக்கு விரும்பிச் சொல்லும் கதைகளில் ஒன்று.

ரீட்டா லேவி-மொண்டால்சினி இத்தாலியிலுள்ள டூரின் நகரத்தில் 1909-இல் பிறந்தவர், யூத குலத்தவர். முஸோலினியின் அரசாங்கம் 1938-இல் செய்த இனச் சட்டங்களால் அவர் கலாசாலையில் வேலை பார்க்க முடியாமற் போயிற்று. அந்த அம்மையார் தம் படுக்கையறையையே ஆராய்ச்சிசாலையாக மாற்றிக்கொண்டார். தையல் ஊசியைத் தீட்டிச் சிறு கத்தியாக்கி, கோழி முட்டைக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். வெளியே குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. யுத்தம் முடிந்தபின், 1947-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்திலிருந்த விக்டர் ஹாம்பர்கர் அவரை அழைத்துக்கொண்டார்.

சுண்டெலியின் ஒருவகைக் கட்டியைக் கோழிக்கருவில் வைத்தால், அதைச் சுற்றி நரம்புகள் மிதமிஞ்சி வளர்வதை அங்கே அவர் ஆராய்ந்தார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து நரம்பை வளர்க்கிறது என்று ஊகித்தார். ஊகத்தைக் கண்ணாடித் தட்டில் மெய்ப்பிக்க வேண்டுமே! அதற்குரிய வசதி பிரேஸில் தேசத்து ரியோ டி ஜனேரோ நகரில் ஒரு தோழியின் ஆராய்ச்சிசாலையில் இருந்தது. 1952-இல், கட்டியுள்ள இரண்டு சுண்டெலிகளை உடன் எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்! அங்கே தட்டில் கட்டித் துணுக்கையும் நரம்பு முடிச்சையும் சற்று இடைவெளி விட்டு வைத்தார். ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி, உதய சூரியனிலிருந்து கிரணங்கள் கிளம்பினாற்போல், நரம்பு நார்கள் அடர்ந்து கிளம்பின.

அந்தப் பொருளுக்கு 'நரம்பு வளர்ச்சிப் பொருள்' என்று பெயர். அதைப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன் என்னும் ரஸாயன நிபுணர். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அம்மையார் 103 வயது வரை வாழ்ந்து 2012-இல் காலமானார்.

பொல்லாத கட்டியில் கண்ட அந்தப் பொருள், நல்ல உடலிலும் இருக்கிறது. தோல் அதைச் சுரக்கிறது. இருதயத் தசையும் சுரக்கிறது. கருவில் வேண்டியதற்கு மேற்பட்ட நரம்பணுக்கள் உண்டாகின்றன. நார்களை நீட்டிக்கொண்டு இருதயத்தையோ தோலையோ அடைந்து, இந்த ஆகாரத்தைப் பெறும் நரம்பணு பிழைக்கிறது. பெறாதது மடிகிறது. இது நரம்பின் நுனிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 1977-இல் ராபர்ட் காம்பினாட் அழகாகக் காட்டினார். தட்டை மூன்று அறைகளாகத் தடுத்து, நடு அறையில் நரம்பணுக்களின் உடலை வைத்து, நார்கள் மாத்திரம் தடுப்பின் கீழ் நுழைந்து பக்கத்து அறைக்குப் போகும்படி செய்தார். எந்த அறையில் நரம்பு வளர்ச்சிப் பொருள் இருந்ததோ அங்கே நார்கள் சென்றன. இல்லாத அறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது இருவரையும் ஒரே அறையில் விடலாம். 1976-இல் ஹார்வர்டு வைத்தியக் கலாசாலையில் பர்ஷ்பன், பாட்டர் முதலியோர், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு திட்டில் எலிக்குட்டியின் இருதய அணுக்களைத் துடிக்கவிட்டு, அவற்றின் நடுவே ஒரே ஒரு நரம்பணுவைக் குடியேற்றினார்கள். அவர்கள் எடுத்தது உணர்ச்சி நரம்பணுவன்று. அதன் பங்காளியான பரிவு நரம்பணு. இருதயத்தைச் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று முடுக்குவது அதன் தொழில். ஆனால் அத்திட்டில் விசித்திரம் ஒன்று நேர்ந்தது. சில நரம்பணுக்கள் இருதயத்தை முடுக்கின, சில அடக்கின, வேறு சிலவோ முதலில் அடக்கிவிட்டுப் பிறகு முடுக்கின! ஒரே நரம்பணு இரண்டு பாஷையிலும் பேசிற்று. இந்த இரண்டாம் பாஷையைக் கற்றுக்கொடுத்தது யார்? இருதய அணுக்களே. அவை வெளியிடும் ஒரு பொருள்தான் நரம்பணுவின் தொழிலை மாற்றுகிறது என்று பாட்டர்ஸன் என்பவரின் கூட்டத்தார் காட்டினார்கள். 1989-இல் அப்பொருள் இன்னதென்பதும் தெரிந்துவிட்டது.

நரம்பு எஜமானன், தசை ஏவலாள் என்று பாடப்புஸ்தகங்களில் நாங்கள் படித்தோம். அப்படியே போதித்தும் வந்தோம். கண்ணாடித் தட்டு அதைத் திருத்திவிட்டது. ஏவலாள்தான் எஜமானனுக்குச் சோறு போடுகிறான், பேசவும் கற்றுக்கொடுக்கிறான்.

இனி, உணர்ச்சி நரம்பணுவுக்கு வருவோம். அது இருதயத்திலிருந்து எதைக் கேட்கிறது?

இருதயத் தசைக்கு இரத்தம் குறைந்தால் பிராணவாயு குறைகிறது. பிராணவாயு இல்லாமல் சர்க்கரையை எரிக்க முயலும் தசையில் லாக்டிக் அமிலம் சேருகிறது. நம் வீட்டுத் தயிருக்குப் புளிப்பைத் தருவது எதுவோ அதே அமிலந்தான். அமெரிக்காவில் மக்கிளெஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும், எலியின் இருதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் ஒரு சாயத்தைச் செலுத்தினார்கள். சாயம் நரம்பு நார் வழியே ஊர்ந்து சென்று முடிச்சிலுள்ள நரம்பணுவின் உடலில் தங்கிற்று. அப்புறம் முடிச்சைப் பிரித்துத் தட்டில் வளர்த்தபோது, ஆயிரம் அணுக்களுக்கு நடுவிலும் இருதயத்தைச் சேர்ந்தவை இவை என்று சாயத்தைக் கொண்டு அடையாளம் காண முடிந்தது. அவற்றின்மீது மிகச் சிறிது அமிலம் கலந்த நீரைப் படவிட்டார்கள். உடலின் இயல்பான 7.4 என்னும் நிலையிலிருந்து 7.0 அளவுக்கு இறங்கியதுமே, அந்த நரம்பணுக்களில் பெரிய மின்னோட்டம் கிளம்பிற்று. அமிலத்தை உணரும் கதவு ஒன்று அவற்றின் மேல்தோலில் ஏராளமாக இருப்பதே காரணம் என்று 2001-இல் தெரிவித்தார்கள். லாக்டிக் அமிலத்தின் உப்பு கூடச் சேர்ந்தால் அந்தக் கதவு இன்னும் எளிதாகத் திறக்கிறது.

ஹார்வி கண்ட புதிருக்கு இங்கே விடையிருக்கிறது. அரசருடைய விரல் புளிப்பதில்லை. ஆதலால் இருதயம் அதைப் பொருட்படுத்தவில்லை. இரத்தமின்றித் தவிக்கும் தசை புளிக்கிறது. அந்தப் புளிப்பைத்தான் நரம்பு வலியாக மொழிபெயர்க்கிறது.

உணர்ச்சி நரம்பு செய்தியைச் சுமக்கும் தபால்காரன் மட்டுமா? அன்று. லண்டனில் பேலிஸ் என்பவர் 1901-இலேயே, நாயின் உணர்ச்சி நரம்பு வேர்களைத் தூண்டினால் அதன் பின்னங்காலில் இரத்தக் குழாய்கள் விரிவதைக் கண்டார். மேல்நோக்கிச் செய்தி சொல்ல வேண்டிய நரம்பு, கீழ்நோக்கி வேலையும் செய்கிறது! நரம்பின் நுனியிலிருந்து கசியும் பொருள்களே இதற்குக் காரணம் என்பது பின்னால் விளங்கிற்று. அவற்றுள் ஒன்று 1931-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'பி' என்னும் பொருள். மற்றொன்று 1980-களில் தெரியவந்த ஸி.ஜி.ஆர்.பி. என்பது. மிளகாய்க்குக் காரத்தைத் தரும் காப்ஸைஸின் இந்த நரம்பு நுனிகளைத் தூண்டும். கினிப்பன்றியின் இருதய மேலறையைத் தனியே எடுத்து வைத்துக் காப்ஸைஸினைச் சேர்த்தபோது, துடிப்பின் வேகமும் வலிவும் கூடின. நுனிகளிலிருந்து வெளிப்பட்ட ஸி.ஜி.ஆர்.பி.யின் வேலை அது. ஆபத்து வந்த வீட்டில், 'ஐயோ' என்று கூவிக்கொண்டே ஒரு குடம் தண்ணீரையும் எடுத்து ஊற்றுகிற அயலானைப் போல, இந்த நரம்பு மூளைக்கும் சொல்லுகிறது. இரத்தக் குழாயையும் விரிக்கிறது.

ஆகவே இருதய அணுவுக்கும் உணர்ச்சி நரம்பணுவுக்கும் உள்ள உறவு கொடுக்கல் வாங்கல் உறவு. தசை ஆகாரம் தருகிறது. நரம்பு காவல் புரிகிறது. ஆகாரம் நின்றுபோனால் காவல் என்ன ஆகும்?

இதைத்தான் ஜப்பானில் டோக்கியோவிலுள்ள கெய்யோ ஸர்வகலாசாலையார் ஆராய்ந்தார்கள். தட்டில் வளர்த்த இருதய அணுக்களுக்கு எண்டோதீலின் என்ற பொருளைக் கொடுத்தால், அவை நரம்பு வளர்ச்சிப் பொருளை அதிகமாக உண்டாக்குகின்றன என்று 2004-இல் கண்டார்கள். பிறகு 2006-இல், நீரிழிவு உண்டாக்கப்பட்ட பிராணிகளின் இருதயத்தைப் பரிசோதித்தார்கள். நரம்பு வளர்ச்சிப் பொருள் குறைந்திருந்தது. உணர்ச்சி நரம்புகளும் அருகிப் போயிருந்தன. இருதயத்தில் மட்டும் அப்பொருள் மிகுதியாகச் சுரக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிகளில், நீரிழிவு இருந்தும் நரம்புகள் அவ்வாறு அழியவில்லை.

இதை எழுதிய பக்கத்தைப் படித்தபோது எனக்குத் தமிழையாவின் முகந்தான் நினைவுக்கு வந்தது. அவருடைய இருதயம் புளித்துத் தவித்திருக்கும். ஆனால் அந்தச் செய்தியை எடுத்துச் செல்ல வேண்டிய நரம்புகள் பல வருஷங்களாகச் சிறுகச் சிறுக மெலிந்து போயிருக்க வேண்டும். நீண்டநாள் நீரிழிவுக்காரர்களுக்குக் காலில் மரமரப்பு உண்டாகிச் செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமற் போவதில்லையா? அதைப்போன்ற மரமரப்பு உள்ளேயும் உண்டாகலாம்.

இங்கே ஒரு வார்த்தை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தட்டு உடலாகாது, எலி மனிதனாகாது. நீரிழிவில் நரம்பு கெடுவதற்கு இந்த ஒரு காரணந்தான் உண்டென்றும் சொல்வதற்கில்லை. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும், நரம்புக்கே இரத்தம் ஊட்டும் நுண்குழாய்களின் கேடும் சேர்ந்தே இவ்வேலையைச் செய்கின்றன. கண்ணாடித் தட்டு விஞ்ஞானிகளை ஏமாற்றியதும் உண்டு. அலெக்ஸிஸ் காரெல் 1912-இல் தொடங்கிய கோழி இருதய வளர்ப்பு 34 வருஷம் உயிரோடிருந்ததென்று உலகமே வியந்தது. உயிரணுவுக்குச் சாவே இல்லை என்று பலர் நம்பினார்கள். சாதாரண உயிரணுக்கள் குறிப்பிட்ட தடவைகளுக்கு மேல் பிரிவதில்லை என்று 1961-இல் ஹேபிளிக் என்பவர் காட்டியபின், காரெலின் தட்டில் ஆகாரத்தோடு புதிய அணுக்களும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டினார்கள்.

"அப்படியானால் அந்தப் பொருளையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே?" என்று நேயர்கள் கேட்கக் கூடும். அது அவ்வளவு சுலபமன்று. நரம்பு வளர்ச்சிப் பொருளை ஊசி மூலம் செலுத்தினால் அதுவே வலியை உண்டாக்குகிறது. இருதயத்தில் பரிவு நரம்புகள் குறைந்தாலும் ஆபத்து. தாறுமாறாக மிகுந்தாலும் துடிப்பின் ஒழுங்கு கெட்டு ஆபத்து. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஏரியின் கரையை வெட்டிவிடலாமா? மடையைத் திறக்கும் அளவு தெரிய வேண்டும். அந்த அளவைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானியரான யமனாகா 2007-இல் மனிதத் தோலின் அணுக்களைக் கருநிலைக்குத் திருப்பும் வழியைக் காட்டினார். அதன் பயனாக இன்று ஒரே மனிதனுடைய அணுக்களிலிருந்து இருதயத் தசையையும் உணர்ச்சி நரம்பையும் உண்டாக்க முடிகிறது. நோயாளியின் மார்பைத் தொடாமலே, அவருடைய இருதயமும் நரம்பும் பேசிக்கொள்வதை ஒரு தட்டில் கேட்கும் காலம் வந்திருக்கிறது.

ஒரு வாரம் கழித்து, இவற்றையெல்லாம் தமிழையாவிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்:

"'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்று நான் எத்தனை வருஷம் வகுப்பில் சொல்லியிருப்பேன்! என் இருதயம் அழவில்லையே, ஆகையால் அதற்குக் குறையொன்றும் இல்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? பிள்ளைக்குப் பசியில்லை என்பதில்லை, தம்பி. அழுவதற்குத் தொண்டையில்லை."

இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. நேயர்களில் நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்களும், அத்தகைய பெரியவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மார்பில் வலி இல்லாததே இருதயத்தில் நோய் இல்லாததற்கு அத்தாட்சி ஆகாது. காரணமில்லாமல் திடீரென்று மூச்சு வாங்கினாலும், குளிர்ந்த வியர்வை கொட்டினாலும், குமட்டினாலும், வழக்கத்துக்கு விரோதமான அசதி தோன்றினாலும், "வாயுதான்" என்று தாமே தீர்ப்புச் சொல்லிச் சுக்குக் கஷாயத்தோடு நின்றுவிடக் கூடாது. அந்த மணி நேரத்திலேயே வைத்தியரிடம் போக வேண்டும். வியாதி ஒன்றும் தோன்றாத போதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வைத்தியர் சொல்லுகிற காலங்களில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுதல் நலம்.

தமிழையா இப்போது மருந்து சாப்பிட்டு வருகிறார். குளத்தங்கரைக்கு மறுபடியும் மெல்ல நடக்கத் தொடங்கியிருக்கிறார். பக்கத்தில் பேரன் போகிறான். "தாத்தா, மார் வலிக்கிறதா?" என்று அவன் கேட்பதில்லை; அப்படிக் கேட்டுப் பயனில்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். "தாத்தா, மூச்சு வாங்குகிறதா? வியர்க்கிறதா?" என்றுதான் கேட்டுக்கொண்டு போகிறான்.